சாக்கடையை அழித்தது அக்கா அல்ல

வாடிப்பட்டிப் பக்கம் கூலி வேலை பார்த்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அக்கா, சொந்தபந்தத்தில் முதன்முதலாகக் கட்டடக்கலை படித்தவர். பெரிய வரைபலகையோடு பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் முகம் சுளிப்பார். அக்கா அசர மாட்டார்.

ஒரு வீட்டுக்குப் படம் போடும்போது அக்கா முதலில் வீட்டை வரைய மாட்டார். கரண்ட் கம்பம், பக்கத்து வீட்டுச் சுவர், சாக்கடை எல்லாம் வந்த பிறகுதான் வீடு வரும். "வீடு இனிமேத்தான் வரணும். சாக்கடை இப்பவே இருக்குல்ல" என்பார். கையால் வரைந்தபோதும், கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்தபோதும் அதே வழக்கம்தான். ஏஐ வந்த பிறகு, அது படத்திலிருந்து கம்பத்தை விழுங்கிவிட்டால், திரும்ப வரும்வரை அதோடு மல்லுக்கட்டுவார்.

அக்காவோடு சேர்ந்து தொழில் செய்தவர் எங்கள் சித்தப்பா மகன். பரவையில் அடுக்குமாடி கட்டியபோது, அக்கா கையால் வரைந்த படத்தை அவருக்குத் தெரியாமல் ஏஐயிடம் கொடுத்து, வாசலில் ஓடும் சாக்கடையை எடுத்துவிட்டுப் புல்வெளி போட்டார். மூலையில் இருந்த அக்காவின் கையெழுத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார். வெளிநாட்டில் இருந்தபடியே அதை நம்பி வீடு வாங்கியவர்கள், ஊர் திரும்பியதும் அக்காவைத் தேடி வந்தார்கள்.

"இம்புட்டுப் பெரிய சாக்கடைய மறைச்சுப்புட்டியேம்மா" என்றார் ஒருவர்.

"படமெல்லாம் அக்கா பொறுப்புண்ணே" என்றார் பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன்.

குடும்பம் உடையக்கூடாது என்று அக்கா வாய் திறக்கவில்லை. அவரைக் கொண்டுபோனது புற்றுநோய்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நான் அழிக்கலடா தம்பி" என்று என்னிடமே சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை.

கடைசிவரை அக்காவைத் தாங்கிய, எங்கள் அண்ணன் மனைவியான மதினிக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவின் இந்த நினைவு மலரை அந்த அடுக்குமாடியின் ஒவ்வொரு வீட்டிலும் சேர்க்கப்போகும் நண்பர்களுக்குத் தனி நன்றி.

மலர் தயாராவது தெரிந்து சித்தப்பா மகன் போன் செய்தார். "பரவை பூமிபூஜை போட்டோவப் போடப்போறியாமே? போட்டா என்னைய எடுத்துரு தம்பி. ஏஐல செஞ்சா யாருக்கும் தெரியாது."

அந்தப் போட்டோ எதிர்ப்பக்கத்தில், முழுப்பக்கமாக இருக்கிறது. அக்கா வரைந்த அசல் படத்தில் விரல் வைத்துக்கொண்டு நிற்பவர்தான் சித்தப்பா மகன். எதையும் எடுக்கவில்லை. சாக்கடையும் இருக்கிறது, அவரும் இருக்கிறார்.