வண்டிச் சத்தம் கேட்டால்

நான் மெதுவாக ஓடுகிறவள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவர்கூட என்னோடு பேசிக்கொண்டே வர முடியும், அவ்வளவுதான் என் வேகம். பண்டார் பாரு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. நாள் முழுக்க நாற்காலி. ஐம்பதை நெருங்கும்போது சர்க்கரை எட்டிப் பார்த்தது, அதனால் ஓட ஆரம்பித்தேன். பிறகு சர்க்கரை மறந்துபோய், அந்த மாலை நேரமே பிடித்துப்போய்விட்டது. வீடும் ஆபீசும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

ஆனால் ரோட்டில் போகிறவர்கள் கேட்டார்கள். தோட்டத்தில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை.

“என்னக்கா, யாருக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. சும்மா ஓடுறேன்.”

“சும்மாவா? ஏறுங்க லா, வீட்டுல விட்டுர்றேன்.”

நடந்து போகிறவரைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தும்பாங் கொடுப்பது இங்கே பழக்கம். ஏற்றிக்கொள்ளாமல் போனால்தான் குறை. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் ஓடுவது அவர்கள் கண்ணுக்கு நடப்பதாகத் தெரிகிறதே என்பதுதான் சுருக்கென்று குத்தியது. அதனால் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் வயிற்றை உள்ளிழுத்து, முட்டியைத் தூக்கி, பாய்ந்து ஓடுவேன். வண்டி தாண்டியதும் பழையபடி தேர் நகரும்.

ஒரு மாலை செம்பனைப் பழ லோரி வந்தது. வழக்கம்போலப் பாய்ந்தேன். கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்தது போல ஒரு வலி. நின்றிருக்க வேண்டும். லோரி கண்ணைவிட்டு மறையாததால், சிரித்த முகத்தோடு வளைவு வரைக்கும் ஓடினேன். அதன் பலன், மாதக்கணக்கில் நொண்டினேன். “முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்” என்று என் வீட்டுக்காரர் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். தேய்க்கிற கையைக் கடிக்க முடியாதே.

அரசாங்க மருத்துவமனையில் காலுக்குப் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் கண்டிப்பானவள். ஓடும்போது மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், இல்லையென்றால் அது உங்கள் வேகம் இல்லை என்றாள். மறுபடி அந்த இடத்தில் இழுத்தால் அங்கேயே நில்லுங்கள், அதே காலோடு வீடுவரை போகாதீர்கள் என்றாள். தசை இன்னொரு முறை கிழிந்தால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் மக்சிக் என்று அத்தை முறை வைத்துச் சொன்னாள். 

கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று திரும்ப ஆரம்பித்தேன். தும்பாங் கொடுக்க வருகிறவர்களுக்கு நின்று பதில் சொல்லாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினேன். ‘நான் நல்லா இருக்கேன், நீங்க போங்க’ என்று அர்த்தம். சில வாரங்களில் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அவர்களும் கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் கால் வேகம் பிடிப்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

அப்படி ஒரு மோட்டாருக்காகப் பாய்ந்தபோதுதான், தோட்டத்தின் அந்தக் கோடியில், அதே இடத்தில் சுண்டி இழுத்தது. இந்த முறை நின்றுவிட்டேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீடு வெகுதூரம், போனும் வீட்டில். அடுத்து ஒரு மோட்டார் வந்தது, கையைத் தூக்கினேன். அவனும் தூக்கினான். “பாகூஸ் கா!” என்று பாராட்டிவிட்டுப் போனான். பிறகு ஒரு கார். இரண்டு கையையும் ஆட்டினேன். உள்ளே இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். முதலில் சிரிப்பு வந்தது. மூன்றாவது வண்டியும் போனபோது அழுகைதான் வந்தது.

கடைசியில் பழ லோரியின் வெளிச்சம் தெரிந்ததும் நடுரோட்டில் போய் நின்றேன். ஓட்டி வந்தவர் எங்கள் பின்வரிசை வீட்டில் இருப்பவர், என்னைவிட இளையவர். பதறி இறங்கினார்.

“என்னக்கா இது?”

“கால் இழுக்குதுப்பா. வீட்டுல விட்டுரு.”

கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். உட்கார்ந்ததும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. “போச்சு. இனிமே ஓட முடியாது” என்றேன். அவர் மேடு பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. வண்டி வந்தா மட்டும் ஏன் அவ்ளோ லாஜுவா ஓடுறீங்க?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் லா. ரோடு நேரா இருக்கு, தூரத்துலயே பார்த்துருவோம். பெலான் பெலான் போய்க்கிட்டு இருப்பீங்க. சத்தம் கேட்டா பறப்பீங்க. தாண்டிப் போய்க் கண்ணாடியில பார்த்தா மறுபடி பெலான்.” கியரை மாற்றிவிட்டு, “பாவம், மூச்சு வாங்குறாங்களேன்னு நான் சத்தம் இல்லாம வரத்தான் பார்ப்பேன். லோரில அது நடக்குமா?” என்றார்.

அவமானத்தில் முகம் சுட்டது. அடுத்த நிமிடம் கண்ணீரோடு சிரித்துவிட்டேன். யாரை ஏமாற்றுவதற்காகக் காலைக் கொடுத்தேனோ, அவர்களில் ஒருவர்கூட ஏமாறவில்லை.

தசை கிழியவில்லை. உடனே நின்றதால் தப்பித்தது என்று மருத்துவமனையில் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். வலி முழுசாகப் போகும்வரை வீட்டோடு இருந்தேன். பிறகு ஒரு மாலை மறுபடி இறங்கினேன். பாதி வழியில் பின்னால் லோரிச் சத்தம். முட்டி தானாக எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். அந்த லோரி என்னைத் தாண்டிப் போக ஒரு யுகம் ஆனது. ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே போய் வளைவில் மறைந்தார். நான் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.