புதினா மணத்த கடிதங்கள்

போன சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் ஒரு கட்டுப் புதினா வாங்கினேன். பைக்குள் வங்கிக் கடிதம் ஒன்று பிரிக்காமலே கிடந்திருக்கிறது. மெட்ரோவில் எடுத்தால் உறை நனைந்து புதினா மணத்தது. அவ்வளவுதான், வாசிக்க மனமில்லாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். ஏனென்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

ஒருகாலத்தில் எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் இப்படித்தான் மணக்கும். அப்பா அதே சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை செய்தார். மிஞ்சிய கீரை, புதினாவோடு தபால்பெட்டியில் கிடப்பதையும் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு மாடியேறுவார். மன்னாரிலிருந்து பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு வந்த மனிதர். பிரெஞ்சில் விலை சொல்லத் தெரியும், வணக்கம் சொல்லத் தெரியும். ஆகவே எட்டு வயதிலிருந்து கடிதம் வாசிப்பது என் உத்தியோகம். "இதில என்ன கிடக்கு, வாசி பிள்ளை" என்று நீட்டுவார். மின்சார பில், அம்மாவின் எக்ஸ்ரே, தம்பியைப் பற்றிய பள்ளிக்கூட முறைப்பாடு, எல்லாம் என் வாயால்தான் வீட்டுக்குள் வரும். தம்பி சொக்லேட் தருகிறேன் என்று கெஞ்சிய நாளிலும் நான் ஒரு வரி விட்டதில்லை. போதாததற்கு ஞாயிறு பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பதும் நான்தான். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில் எங்கள் கோயில் சனத்துக்குக் கெட்டிக்காரப் பெட்டை என்றால் பார்மசி படிக்க வேண்டும். எனக்குப் பதினெட்டு நடந்தபோது ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பெரிய பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்திலிருந்து: பார்மசிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றது நகரின் மேற்கே நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய செங்கல் வீட்டில் நடந்த சின்னக் கல்லூரியிலிருந்து. அங்கே மூன்று வருஷமும் பழைய பெரும் நூல்களை வாசிப்பார்கள், வேறொன்றும் இல்லை.

அதை ஒருதரம் களவாகப் போய்ப் பார்த்திருந்தேன். நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையதொரு நாடகத்தின் இரண்டே பக்கங்களுடன் இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டினார்கள். நான் அதுவரை வாசித்ததெல்லாம் இன்ன தேதிக்குள் பதில் போடு என்று முடிகிற எழுத்து. யாருக்கும் பதில் போடத் தேவையில்லாத எழுத்தை அன்றுதான் கண்டேன், அழுகை வந்துவிட்டது. அந்த வயதில் எதற்கும் அழுகை வரும்தான், ஆனாலும் இது வேறு.

அதனால் பொய் சொன்னேன். கடிதத்தைப் பார்த்தபடி, வழக்கமாக வாசிக்கிற அதே குரலில், "பார்மசிக்கு இடமில்லையாம் அப்பா" என்றேன்.

"உனக்கோ இல்லையெண்டவங்கள்?"

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஊரில் பள்ளிக்கூடம் இடமில்லை என்றால் பங்குச் சுவாமியிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரே போய் நிற்பார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்! திங்கட்கிழமை அப்பா லீவு போட்டு, ஞாயிறு கோயிலுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு, சுவாமியின் கடிதத்தோடு புறப்பட்டார். "நான் சொல்லுறதை அப்பிடியே பிரெஞ்சில சொன்னால் காணும் பிள்ளை" என்றார். மெட்ரோவில் அந்தக் கடிதத்தை வாசித்துப் பார்த்தேன். உண்மை பேசுகிற பிள்ளை என்று சுவாமி எழுதியிருந்தார்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் அப்பா கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே கதைத்தார்.

"பத்து வருஷமா எனக்குக் கடிதம் வாசிச்சுத் தாறவள். ஒரு சொல் பிழை விடமாட்டாள். இன்னொருக்காப் பாக்கச் சொல்லு."

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணியிடம் திரும்பி, எத்தனையாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமென்று அப்பா கேட்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தார், இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றார். பிறகு எழுந்து, சிரித்த முகத்தோடு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெலிசிட்டாசியோன், மெசியே!"

வாழ்த்துச் சொல்லும் அந்த வார்த்தை அப்பாவுக்குத் தெரியும். குடியுரிமை கிடைத்த அன்று அவர் கையைக் குலுக்கியவரும் அதைத்தான் சொன்னார். அப்பா அந்தப் பெண்மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, சுவாமியின் கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அங்க என்ன செய்வாய்?"

"பழைய புத்தகங்கள் வாசிக்கிறது, அப்பா."

"பேந்து? அதுக்குப் பிறகு?"

நான் மெட்ரோ சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன். "சரி, உன்ர விருப்பம். போ" என்றார் அப்பா. ஏசியிருந்தால் தப்பியிருப்பேன்.

போனேன். என் வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் அந்த மேசையில்தான் கழிந்தன, அந்தக் கல்லூரிக்குப் போனதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அடுத்த மின்சார பில் என்னிடம் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா அதைப் பாடகர் குழு மரியதாஸ் அண்ணையிடம் கொண்டுபோய், கோயில் வாங்குப் பலகையில் விரித்து வைத்து வாசிக்கச் சொன்னார். அன்றைய வாசகத்தை வாசித்து முடித்த நான் இரண்டு வாங்கு தள்ளி நின்றேன்.

இன்று அந்தச் செங்கல் வீட்டில் பல் வைத்தியர் இருக்கிறார், நீள மேசை எங்கே போனதோ. அப்பா சந்தை வேலையை விட்டுப் பல வருஷம். கடிதத்துக்கு மேலே போனைப் பிடித்தால் அது தமிழில் சொல்லிவிடுகிறது.

சனிக்கிழமை அந்தப் புதினாவோடு நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் அப்பாவின் வீட்டுக்குப் போனேன். மேசையில் பிரிக்காத உறை ஒன்று கிடந்தது. பழைய பழக்கம், கை தானாக நீண்டது. அப்பா அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ தேத்தண்ணியைக் குடி பிள்ளை, ஆறப்போகுது."