பேய் வீட்டு வாடகை

பேய் இருக்கிற வீடு என்று தெரிந்துதான் குடிபோனேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. வீட்டுக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை பிள்ளை. முந்தி இருந்த பொம்பிளை பின்பக்கத்தாலை விழுந்து செத்துப்போச்சு. சனம் பலதும் கதைக்குது. அதாலைதான் பாதி வாடகை."

பாதி வாடகை என்றதும் எனக்கு அந்தப் பெண்மேல் பயம் வரவில்லை. நன்றிதான் வந்தது. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

அப்போது எங்களுக்கு வேறு வழியும் இல்லை. என் கணவர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், செர்டாங் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் வேலை இருக்கிறவனுக்குத்தான் வீடு. அவர் இறந்த பிறகு கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலையில் பெட்டியும் சட்டியுமாக, புதிதாக வேலைக்கு வந்த நாலு வங்காளதேசத்துப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? நான் மூட்டை கட்டி முடிக்கும்வரை அவர்கள் வெயிலிலேயே மரியாதையாக நின்றார்கள். மகளையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கூட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணி டவுனுக்கு வந்தேன். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும்" என்று கரங்கானில் இருக்கும் என் அக்கா போனில் கிண்டல் செய்தாள்.

"எனக்குப் புளியமரம் இல்லக்கா. நாலு மாடி. லிப்ட்டும் கெடையாது."

வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு கூடம், அடுப்படி. அடுப்படிக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு சிறு திறந்தவெளி, அதற்கு இடுப்பளவு சுவர். மற்ற வீடுகளில் அந்த இடத்துக்கு இரும்புக் கம்பி அடித்திருந்தார்கள். எங்களுடையது மட்டும் திறந்தே கிடந்தது. பால் காய்ச்சி, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிக் குடியேறினோம்.

காலை ஏழரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து என்னை இறக்கிவிடும். நாலாம் பாரம் படிக்கும் பதினாறு வயது மகள் அதற்குள் பள்ளிக்குப் போயிருப்பாள். குளித்துவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். மூன்று மணிக்குத்தான் எழுவேன். ஊருக்கெல்லாம் பேய் இரவில் வரும். எனக்கு இரவில் வேலை. அதனால் அது மதியத்தில் வந்தது.

முதலில் நாற்காலி. எங்களிடம் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இரண்டையும் மேசையோடு ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். எழுந்து பார்த்தால் சிவப்பு நாற்காலி பின்பக்கம், அந்த இடுப்பளவு சுவரைப் பார்த்தபடி கிடக்கும். மகள்தான் போட்டிருப்பாள் என்று இரண்டு நாள் திட்டினேன்.

"நான் வர்றப்பவே அங்கதான் மா இருந்துச்சு. நான் எதுக்கு வெயில்ல போய் உக்காரப் போறேன்?"

அதற்குப் பிறகு நான் திட்டவில்லை. தினமும் யாராவது ஒருவர் நாற்காலியை எடுத்து வந்து மேசையோடு போடுவோம். மறுநாள் அது மறுபடி பின்பக்கம் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, கீழே காய்கறி வேன் வந்திருந்தது. எதிர் புளோக்கில் இருக்கும் மலாய்க்கார அக்கா என் பக்கத்தில் நின்று கீரை பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் துணி காயப்போடும் இடம் எங்கள் பின்பக்கத்தைப் பார்த்தாற்போல இருக்கும்.

"அடேக், யாங் டுடோக் பெலாக்காங் து சியாப்பா?"

பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்கிறார். யாரும் இல்லையே என்றேன். அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டார். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நீல நைட்டியில் ஒரு பெண் மதியத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். முகம் தெரியவில்லையாம். அந்த வீடு 'கெராஸ்' என்றார். நடமாட்டம் உள்ள இடத்தை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீல நைட்டி என்னிடமும் ஒன்று உண்டு. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியது. கெடாவில் பாதிப் பெண்களிடம் அது இருக்கும். அதனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

யோசிக்கும் நிலையிலும் நான் இல்லை. சோறு மண் மாதிரி இருந்தது. தலை சீவ மறந்தேன். தொழிற்சாலையில் ஒரு நாள் கையுறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேனாம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் லீவு கொடுத்து அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினாள். தலைவலி என்று சொன்னேன். சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர், ஒரு தாளைக் கொடுத்துக் கேள்விகளுக்குப் பதில் குறிக்கச் சொன்னார். இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று தோன்றியிருக்கிறதா என்று கடைசிக் கேள்வி. இல்லை என்று குறித்தேன். அப்படியும் அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது மனச்சோர்வு நோய், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அரிசி டின்னுக்கு அடியில் அதை மடித்து வைத்தேன்.

காரணம் இருந்தது. என் கணவர் சாகும் முன் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைக்காகக் காத்திருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒன்று வந்தால் என் மகள் அங்கே உட்காரக் கூடாது. அதற்காகத்தான் தனியார் ஆஸ்பத்திரியில் உடனே பார்ப்பதற்கு ஒரு மருத்துவக் காப்புறுதி அட்டை, அதாவது இன்ஷூரன்ஸ், வைத்திருந்தேன். அவர் செத்த சமயத்தில் பணம் கட்டாமல் விட்டதில் அது காலாவதியாகிவிட்டது. அதை உயிர்ப்பிக்க எங்கள் பழைய எஸ்டேட்டுப் பையன் ஒருவன், இப்போது காப்புறுதி ஏஜெண்டு, எனக்காக அலைந்துகொண்டிருந்தான்.

"அக்கா, திரும்பவும் ஹெல்த் கேள்வியெல்லாம் கேப்பான் லா. மனசு சம்பந்தமா டாக்டர்கிட்ட ஏதும் போனீங்களா? போகலன்னா தப்பிச்சோம்."

போகவில்லை, வீட்டில் பேய்தான் இருக்கிறது என்றேன். அன்றைக்குத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு வியாதி இல்லை. வீட்டில் பேய் இருக்கிறது. பேய் பிடித்தால் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, அழுகை வரும். எல்லாம் பொருந்தியது. வியாதி என்றால் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். பேய் என்றால் எலுமிச்சம்பழத்தோடு போய்விடும். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

அக்காவிடம் சொன்னதும் அவள் சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கும் பேயைத்தான் தெரியும், மற்றதைத் தெரியாது. கரங்கானில் சாமி பார்க்கிற ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில். பகல் பன்னிரண்டு மணிக்கே அங்கே இருட்டாக இருந்தது. சாமி வந்ததும் அவர் எலுமிச்சையை அறுத்து என் காலடியில் போட்டார். வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். கட்டி முடித்த பிறகும் கையை விடவில்லை.

"அவ வீட்டுல எங்கயும் இல்ல. உன்கூடவே படுக்குறா, உன்கூடவே எந்திரிக்கிறா."

அக்கா பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்ததே தவிர ஆச்சரியமாக இல்லை.

பின்கதவு நிலையில் மஞ்சள் துணியில் முடிந்த தேங்காயைக் கட்டினோம். மறுநாள் மூன்று மணிக்கு எழுந்தேன். தேங்காய் கட்டியபடியே இருந்தது. கதவு திறந்திருந்தது. சிவப்பு நாற்காலி முன்பைவிட ஒரு முழம் முன்னேறி, சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அன்று மகள் நான் எழுவதற்கு வெகு முன்னாடியே வந்து, பள்ளி உடுப்போடு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டால் தலைவலி என்றாள். என் பொய்யையே என்னிடம் சொன்னாள்.

அவளுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம். அடுத்த நாள் போனைப் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. படம் பிடிக்கும்படி திருப்பி, சார்ஜரில் செருகி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் சீனி டப்பாவுக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்குத் தெரியாது. மூன்றரை மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மா, பயப்படாத" என்று சொல்லிவிட்டு, மதியத்தில் பதிவான பகுதியைக் காட்டினாள்.

அடுப்படி மேசையும் பின்கதவும் மட்டும் தெரிந்தன. யாரும் இல்லை. காற்றாடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் வந்தாள். தலைமுடி முகத்தை மறைத்திருந்தது. சிவப்பு நாற்காலியை இழுக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள், பிள்ளை தூங்குகிற வீட்டில் சத்தம் வரக் கூடாது என்று தூக்குவதைப் போல. கதவைத் திறந்து பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, ஒரு காலை நாற்காலிமேல் வைத்தாள். எதற்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. கீழே எங்கோ ஒரு மோட்டார்சைக்கிள் ஹாரன் அடித்தது. அவள் காலை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"யாருடி இது?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

மகள் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள்.

"கையப் பாரு மா."

வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். முந்தின நாள் அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து என்ன பார்த்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து போய் அரிசி டின்னை நகர்த்திக் கடிதத்தை எடுத்தேன். பூச்சி ஒரு மூலையைத் தின்றிருந்தது, மற்றபடி நன்றாகவே இருந்தது. மறுநாள் இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே வராந்தா. என் மகள் அதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த மதியங்களில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. உள்ளங்காலில் பட்ட சிமெண்டுச் சூடு எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாவது தடவை போனபோது அதையும் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே ஏஜெண்டுத் தம்பி வந்தான். பாவம், எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தான். டேப்லெட்டை நீட்டினான். கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை', 'இல்லை' என்று வரிசையாகப் போட்டிருந்தது. மனநலச் சிகிச்சை என்ற இடத்துக்கு வந்ததும் நான் விரலை வைத்து 'ஆம்' என்று மாற்றினேன்.

"அக்கா! இதப் போட்டா தள்ளிடுவான் லா! வீட்டுல பேய்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பேய்க்கு இதுல எடம் இல்லையே தம்பி."

தள்ளித்தான் விட்டார்கள். இரண்டு வரிக் கடிதம். படித்துவிட்டு நான் அழுதேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். பொய் சொன்னவளாக இருந்திருந்தால் என் கையில் அட்டை இருந்திருக்கும். ஆனால் பிடிபடுகிற பொய் அது. நான் படுத்துக்கிடக்கும்போது அதைத் தோண்டி எடுப்பார்கள், அப்போது பதில் சொல்ல வேண்டியவள் என் மகள்.

மாத்திரை வேலை செய்ய நாளாயிற்று. சோற்றுக்கு ருசி வந்தது. எனக்குப் பகல் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். மகள் பின்கதவுக்குப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டாள். சாவி அவள் பள்ளிப் பையில்தான் இருக்கும். துணி காயப்போட வேண்டுமென்றால் நான் அவளிடம் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளையிடம் சாவி கேட்டு நிற்பது சில நாள் எரிச்சலாக இருக்கும், வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவேன். அவள் கொடுப்பாள், நான் துணி போட்டு முடிக்கும்வரை கதவோரம் நின்று போன் பார்ப்பது போலப் பாவனை செய்வாள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வழக்கம்போல நலம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"எதிர்ப்பக்கத்து மலாய்க்கார மனுசி இப்ப ஒண்டையும் காணேல்லையாம் எண்டு சொல்லுது. அது போயிட்டுது எண்டால் சொல்லு பிள்ளை, வேறை ஆக்கள் முழு வாடகைக்குக் கேக்கினம். உண்மையைச் சொல்லு. அது இன்னும் இருக்கோ?"

முழு வாடகை என்றால் நாங்கள் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. கூடத்தில் மகள் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். பின்கதவுக் கண்ணாடியில் வெயில் அடித்தது. சில மதியங்களில் இப்போதும், ஒன்றும் நடக்காமலே, என் உள்ளங்கால் சுடும்.

"இருக்கு ஐயா" என்றேன்.

மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.