தூரமோ என்று கேட்டேன்

இதை எழுத எனக்குச் சில வருடங்களாகத் தயக்கம். மகளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று ஊரறிய எழுதினால், நாளைக்குக் கலியாணப் பேச்சில் அதுவே முன்னுக்கு நிற்கும் என்று பயந்தேன். "எழுதுங்கோ அம்மா. ஒளிச்சு வைச்சு விக்கிறதுக்கு நான் என்ன பழைய காரோ?" என்று அபிராமியே சொன்ன பிறகுதான் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன். அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யூன் மாதச் சனிக்கிழமை காலை நானும் இவரும் மகளும் ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஸ்டுட்கார்ட்டில் ரெயில் ஏறினோம். பையர்ஸ்புரோன் என்ற மலையூரில் இறங்கும்போது ஒன்பதரை மணி இருக்கும். அங்கிருந்து சாங்கன்பாக் ஏரிக்கு ஏறக்குறைய நாலு கிலோமீற்றர் நடை. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். வெயில் நிலத்தில் விழவே இல்லை. ஏரிக்கு மேலே மலையோடை இரண்டு தட்டாக விழுகிறது.

"உந்த நூல் போலத் தண்ணியைப் பாக்கவோ ரெயில் ஏறி வந்தனாங்கள்?" என்றார் இவர். முழங்கால் வலியோடு ஏரிக்கரையில் இருந்த மர வாங்கில் சாய்ந்துவிட்டார்.

"நயாகராவுக்கு உங்கடை ரெயில் மாதச் சீட்டு செல்லாது அப்பா" என்றாள் மகள்.

நான் சாப்பாட்டுப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். புறப்படுகிற ஒருவரை "எங்கை போறாய்" என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது; "தூரமோ" என்றுதான் கேட்பது எங்கள் வழக்கம். அப்படியே கேட்டேன்.

"தூரமோ பிள்ளை?"

"இல்லையம்மா, கிட்டத்தான்."

மறுபடி குனிந்துவிட்டேன். ஏரியைச் சுற்றி ஒரு பாதை, அருவியோரமாக மேலே ஒன்று. எதில் போனாள் என்று பார்க்கவில்லை.

அரை மணி கழித்துப் பையின் அடியில் அவளுடைய குளுக்கோஸ் வில்லைகளைக் கண்டேன். காலையில் இன்சுலின் ஊசி போட்டவள். நடந்தால் சீனி இறங்கும். இறங்கினால் மயங்கி விழுவாள். கைத்தொலைபேசியில் தொடர்பே இல்லை.

"கிட்ட எண்டவள் ஏரிக்கரையிலைதான் நிப்பாள்" என்றார் இவர். சுற்றி ஓடினேன். இல்லை. "நீங்கள் இதிலையே நில்லுங்கோ, வந்தால் விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அருவிப் பாதையில் ஏறினேன்.

ஈரக் கல்லும் மரவேருமாகப் பாதை வழுக்கியது. கையில் வில்லைகள், வாயில் "முருகா". கீழ்த்தட்டைத் தாண்டியதும் தண்ணீர் திடீரென்று வற்றி நின்றது. பிறகு ஒரேயடியாக இரைந்துகொண்டு விழுந்தது. மேலே ஓடையை மறிக்க ஒரு பலகை இருக்கிறது, வருகிறவர்கள் அதை இறக்கி ஏற்றி விளையாடுவார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த நேரம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என் பிள்ளை ஓடைக்குள் விழுந்து தண்ணீரை மறித்துவிட்டாள். "அபிராமி!" என்று கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேல்தட்டின் உச்சியில், ஒரு கல்லில் குந்தியிருந்தாள். முகம் வெளிறி வேர்த்திருந்தது. நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன் அம்மா அவளுக்கு அப்பிள் சாறு பருக்கிக்கொண்டிருந்தார்.

"கிட்ட எண்டியேடி!"

"கிட்டத்தானே அம்மா, இருவது நிமிசம்!"

"நான் தூரத்தையோ கேட்டனான்? எங்கை போறாய் எண்டெல்லோ கேட்டனான்!"

"அப்ப அதையே கேட்டிருக்கலாமே!"

கையிலிருந்த வில்லைகளில் இரண்டை அவள் வாயில் வைத்தேன், அழுகை வந்துவிட்டது.

மகள் தெளிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அந்த அம்மா ஜெர்மன் மொழியில் கேட்டார்: "இப்போது எங்கே போகிறீர்கள்?" புறப்படுகிற நேரத்தில் அதே கேள்வி! ஆனாலும் சொன்னேன்: கீழே, ஏரிக்கரைக்கு, இவளுடைய அப்பா காத்திருக்கிறார். "அப்படியென்றால் அதுவரை நானும் வருகிறேன்" என்று மகளின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் மலையுமில்லை, ஓடையுமில்லை. கிணற்றடிக்குப் போன பிள்ளையைக் கூப்பிட்டால் குரல் கேட்கும். இங்கே காடு பெரிது. இப்போதெல்லாம் மகள் சப்பாத்துப் போடும்போதே "எங்கை போறாய்?" என்று கேட்டுவிடுகிறேன். பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் இரண்டு அக்காமாருக்குச் சொன்னதற்கே, வந்தது அம்பாள்தான், ஏரிக்கரையில் மறைந்துவிட்டாள் என்று கதை நடக்கிறது. அந்த ஜெர்மன் அம்மா மறையவில்லை. எங்களோடு இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டார். உறைப்புத் தாங்காமல் என் போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.