பக்கத்து சீட்டுக்கு நாற்பத்தாறு கிலோ

நுமாஜிரிக்கு டயர் தெரியும் என்று எங்கள் ஊரில் பதினெட்டு வருடமாகப் பேச்சு. ஆள் நகராட்சியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் ஒவ்வொரு பிப்ரவரி கடைசியிலும் தன் பச்சை நிறத் திறந்த காரை என் டயர் கடைக்கு ஓட்டிவருவார். நான் மூன்று விதமான டயரை மாற்றி மாற்றி மாட்டிக் கொடுப்பேன். அணைக்கட்டு மலைப்பாதையில் போய் வந்து, ஒன்றைக் காட்டி "இது" என்பார். அவர் கைகாட்டியதைத்தான் எங்கள் ஊர்க் கார் சங்கத்தில் உள்ள பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

சங்கத்தார் வைத்திருக்கும் அந்தச் சின்னத் திறந்த கார்கள் ஆயிரம் கிலோகூடத் தேறாதவை. கனத்த காருக்கென்று செய்த டயரை அதில் போட்டால் ரப்பரில் சூடே ஏறாது, சூடு ஏறாத ரப்பர் வளைவில் வழுக்கும். ரொம்ப மிருதுவான ரப்பரைப் போட்டாலோ தார்ச்சாலையை அட்டையாகப் பிடித்துக்கொள்ளும், ஓட்டுகிறவருக்கு ஒரு வேலையும் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடிக்க நுமாஜிரியால்தான் முடியும் என்று நானும் நம்பினேன். "டோஃபு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று, கொழகொழவென்ற சோயாக் கட்டியைச் சொல்லி, ஒரு வருடம் ஒரு டயரைத் தள்ளினார். டயர் கம்பெனி ஆள் அதைக்கூடப் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டு போனான்.

பக்கத்து சீட்டில் எப்போதும் அவர் மனைவி செட்சுயோ இருப்பாள். மடியில் பார்லி டீ பிளாஸ்க். லைசென்ஸ் கிடையாது, பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்று கேட்டால் சிரிப்பாள். இருவராகத்தான் எங்கும் போவார்கள் என்பதால், சக்கரக் கோணம் சரிபார்க்கும்போது பக்கத்து சீட்டில் அவள் எடைக்கு மணல் மூட்டை வைப்பேன். கடையில் ஒவ்வொரு காருக்கும் நான் வைத்திருக்கும் அட்டையில் அவளே எடையை எழுதித் தருவாள், வருடா வருடம் நாற்பத்தாறு. சும்மா சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு நாலு கிலோ மூட்டையைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவேன்.

நவம்பரில் அவள் தலையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே நாளில் போய்விட்டாள். சாவு வீட்டில் நுமாஜிரி அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மீட்டர் பார்க்கிற முகத்தோடு தலை குனிந்து வணக்கம் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

பிப்ரவரி வந்ததும் சங்கத் தலைவர் தொமோபே போன் செய்தார். பல் டாக்டர் அவர்.

"அக்கா, நுமாஜிரி இந்த வருஷம் வருவாரா? கேக்கவும் கூச்சமா இருக்கு. ஆனா அவர் சொல்லாம நாங்க எதைன்னு வாங்கறது?"

"உங்க கை கால்ல உணர்ச்சி இல்லையா டாக்டர்? நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

"எனக்கு வாய்க்குள்ளதான் தெரியும், வளைவுல தெரியாது."

நுமாஜிரி வந்தார், தனியாக. காரை நிறுத்திவிட்டு, தண்ணீர்க் கட்டண ரசீது நீட்டுகிற குரலில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் காரைப் பாக்க வராரு. டயரைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சா வச்சுக்கறேன். முடியலன்னா குடுத்துடறேன்."

முதல் டயரை மாட்டினேன். முக்கால் மணியில் திரும்பினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

இரண்டாவதை மாட்டினேன். "நல்லா இருக்கு." மூன்றாவதுக்கும் அதேதான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. எனக்குக் காலையிலிருந்து முதுகு வலி வேறு.

"பன்னெண்டு சக்கரம் கழட்டி மாட்டியிருக்கேன், தெரியுமா? மூணும் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு நீங்க எதுக்கு, என் கடைப் பூனை போதுமே!"

பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கொடுத்த, டப்பாவில் அடைத்த காப்பியைத் திறந்து குடிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. எப்பவுமே தெரியாது. அவதான் சொல்லுவா. டோஃபு மாதிரி இருக்கு, இடுப்பு ஆடுது, இது வேணாம், இது இருக்கட்டும்னு. நான் அதை இங்க வந்து சொல்லுவேன். அவ்வளவுதான்."

பதினெட்டு வருடமாகப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள், லைசென்ஸ்கூட இல்லாத ஒருத்தியின் இடுப்பு சொன்னதைக் கேட்டு டயர் வாங்கியிருக்கிறார்கள்! வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

"இப்ப எதுலயும் ஒண்ணும் தெரியல," என்றார். "சோறும் அப்படித்தான். வெந்நீர்ல குளிச்சாலும் அப்படித்தான்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்குக் கோபம் வரும், அது என் குணம். எழுந்து போனேன். பழைய அட்டையைப் பார்த்து மணல் மூட்டைகளை எடுத்துப் பக்கத்து சீட்டில் தொம் தொம்மென்று போட்டேன்.

"இந்தாங்க, ஆள் இருக்கு. இன்னொரு தடவை போய்ட்டு வாங்க."

நான் செய்தது மகா கொடுமை என்று மூட்டையை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் மூட்டைகளுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, அதே மூன்றாவது டயரோடு கிளம்பிப் போனார்.

முக்கால் மணி ஆயிற்று. ஒன்றரை மணி ஆயிற்று. அணைக்கட்டுப் பக்கம் யாரையாவது அனுப்பலாமா என்று போனை எடுத்தேன், அப்போது கார் உள்ளே வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை கிலோ வச்சீங்க?"

"நாப்பத்தாறு. அட்டையில இருக்கறபடிதான்."

"இடது பக்கம் லேசா இருக்கு. வலது வளைவுல தோள் சாயற மாதிரி சாயணும், சாயல. மலை ஏறி இறங்கி ரெண்டு தடவை பாத்துட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "அவ அம்பது கிலோ அக்கா. உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கா."

கோபத்தில் நாலு கிலோ மூட்டையை மறந்திருந்தேன். அது அலமாரிக்கடியில் அப்படியே கிடந்தது.

"எனக்குத் தெரியும்," என்றேன். "வருஷா வருஷம் மேல நாலு கிலோ வைப்பேன். இன்னைக்கு விட்டுப்போச்சு."

அவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். பெல்ட்டுக்கு மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பிறகு அவர் இறங்கி வந்து, பின் சக்கரத்தைக் காட்டி, "இது" என்றார். "நாலு கிலோ குறைஞ்சாக்கூடச் சொல்லுது."

அட்டையையும் பேனாவையும் கொடுத்தேன். ஓட்டுபவர் என்ற இடத்தில் அறுபத்திரண்டு என்று எழுதினார். பக்கத்து சீட்டு என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, ஐம்பது என்று எழுதிக் கொடுத்தார்.

நான் அலமாரிக்கடியில் குனிந்து நாலு கிலோ மூட்டையை எடுத்துவந்தேன்.