ஆபத்துக்கு இரண்டு வார்த்தை

மைதீன் பாட்சாவின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காது. தீயில் வெந்து ஆறிய கை. எப்படி என்று கேட்பவர்களிடம் அவர் எதையும் மறைப்பதில்லை. "ஒரு இங்கிலீஷ் வார்த்தைய தப்பாப் படிச்சிட்டேன்" என்பார்.

சவூதியில், தம்மாமில் ஒரு பெயிண்ட் கிடங்கில் அவருக்கு உதவியாளர் வேலை. ஒருநாள் பழைய இரும்பு அலமாரி ஒன்றை கிரைண்டரால் அறுத்து எடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் பெயிண்டை இளக்கும் தின்னர் டிரம்கள் நின்றன. அவற்றில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தது. பாட்சா அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் தவறு. ஃப்ளேம் என்றால் தீ. அப்படியானால் இது தீப்பிடிக்காத சரக்கு. படித்துப் பார்த்துவிட்ட தைரியத்தில்தான் சுவிட்சைப் போட்டார். எங்கோ கசிந்து தரையில் கிடந்த தின்னரில் பொறி விழுந்தது. நல்ல வேளையாக வேறு யாரும் அருகில் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய நர்ஸ் ஏஞ்சல் நாகர்கோவில்காரி. அவள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"ஃப்ளேமபிள்னாலும் இன்ஃப்ளேமபிள்னாலும் ஒண்ணுதான் அண்ணே. ரெண்டும் எரியும். எரியாததுக்கு நான்-ஃப்ளேமபிள்னு போடுவாங்க."

"அதெப்படிம்மா? முன்னால 'இன்' போட்டா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"எல்லா இடத்துலயும் இல்ல அண்ணே."

பாட்சாவுக்குக் கையெரிச்சலை விட இந்தப் பதில்தான் அதிகம் எரிந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. எழுதியவனும் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். வாசித்தவனும் அக்கறையாகத்தான் வாசித்திருக்கிறான். இடையில் நின்று, இதற்கு இதுதான் அர்த்தம் என்று சொல்ல ஆள் இல்லை. அப்படிச் சொல்வதற்கென்றே சேஃப்டி வேலை என்று ஒன்று இருப்பதை அவர் அறிவார். அந்த வேலையைத்தான் இனிப் பார்ப்பது என்று அந்தக் கட்டிலிலேயே முடிவு செய்தார்.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்து மனைவி ஷம்சாத் பேகத்திடம் சேஃப்டி பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னபோது அவள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பத்தாங்கிளாஸ் முடிச்சு இத்தனை வருசமாச்சு. பரீட்சை இங்கிலீஷ்லல்லா எழுதணும்?"

"ஆமா."

"அந்த இங்கிலீஷ்தானே உங்களை இப்படி ஆக்குச்சு?"

"அதான் அதை விடுறதா இல்ல."

ஷம்சாத் வீரபாண்டி அண்ணாச்சியின் விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றும் வேலை பார்த்தாள். ஊடைநூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுப்பது. பாட்சாவும் அங்கேயே தறிகளுக்கு எண்ணெய் விட, பழுது பார்க்கச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் சேஃப்டி வகுப்பில் உட்கார்ந்தார். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் டிப்ளமோ முடித்த பையன்கள். அவர்களிடம் சந்தேகம் கேட்க அவர் கூச்சப்படவே இல்லை. 'லூஸ்' என்றால் தளர்ந்தது, 'லூஸ்' போலவே ஒலிக்கும் இன்னொன்று இழப்பது. 'சேஃப்' பத்திரம், 'சேவ்' காப்பாற்றுவது. தறிச் சத்தத்துக்கு நடுவே யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டே சொல்லிப் பார்ப்பார்.

முதல் பரீட்சையில் தோற்றார்.

ஹஸார்ட் என்றால் என்ன, ரிஸ்க் என்றால் என்ன, வேறுபடுத்தி எழுது என்பது முதல் கேள்வி. பாட்சா இரண்டுக்குமே ஆபத்து என்ற பொருளில்தான் எழுதியிருந்தார். பின்னால் வந்த கேள்விகளெல்லாம் அந்த வேறுபாட்டின் மேலேயே நின்றதால் எல்லாம் சேர்ந்து சரிந்தன. வகுப்பில் வாத்தியார் மறுபடியும் விளக்கினார். பாட்சா தலையாட்டிவிட்டு வந்தார், மனதில் ஒட்டவில்லை.

"நம்ம பாஷையில ரெண்டும் ஆபத்துதான். அவன் என்னத்தைப் பிரிச்சான்னுதான் பிடிபட மாட்டேங்கு" என்று மறுநாள் கொட்டகையில் மனைவியிடம் புலம்பினார். அப்போது மின்சாரம் போனதால் மெயின் சுவிட்சையும் அணைத்து வைத்திருந்தார்கள். ஷம்சாத் தறி மோட்டார் பக்கத்தில், ஓடாமல் நின்ற பெல்ட்டை ஒட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ ஷம்சாத், அங்கன போய் உக்காந்திருக்கியே? துணி மாட்டிக்கிடும்லா?" என்றார் பாட்சா.

"கரண்டு இல்லாதப்ப எப்படி மாட்டும்? இந்த பெல்ட்டு என்னைக்கும் இங்கனதான் கிடக்கு. ஓடும்போது கிட்ட வந்தாத்தான் வம்பு. நான் ஓடும்போது வாரதில்ல, அவ்வளவுதான்."

பாட்சா எழுந்து நின்றுவிட்டார். பெல்ட் இருக்கிறது, அது ஹஸார்ட். அது யாரையாவது இழுக்குமா, இழுத்தால் எவ்வளவு மோசமாகும் என்பது ரிஸ்க். முதலாவது அப்படியே கிடக்க, இரண்டாவது ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் படிக்க வந்த வேலை.

அத்தோடு அவர் நிற்கவில்லை. நேரே வீரபாண்டியிடம் போனார்.

"அண்ணாச்சி, பெல்ட்டுக்கு எல்லாம் மூடி போடணும்."

"எங்க அப்பா காலத்துல இருந்து ஓடுது வே. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகலைங்கிறதும் ஆகாதுங்கிறதும் வேற அண்ணாச்சி."

"பரீட்சைக்குப் படிக்கிறத என்கிட்ட ஒப்பிக்காதேயும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

பாட்சா அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். கடைசியில், "நானே செய்யுதேன். பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்துத அன்னைக்கு கொட்டகையத் திறந்து மட்டும் விடுங்க" என்றார். வீரபாண்டி சாவியைக் கொடுத்தார்.

முதலில் தகரத்தில் செய்த மூடி கடகடவென்று ஆடியது; மோட்டார் சூடேறியது. வீரபாண்டி கழற்றச் சொன்னார். பாட்சா கழற்றிக் கம்பி வலையில் மறுபடி செய்தார். மடங்காத விரல்களோடு வலையை வளைத்து முறுக்குவது லேசான காரியமாக இல்லை. ஷம்சாத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இம்முறை காற்றும் உள்ளே போனது, சத்தமும் இல்லை. ஒன்று சரியானதும் மற்ற மோட்டார்களுக்கு வலை வாங்க வீரபாண்டியே ஆள் அனுப்பினார். 

இரண்டாவது பரீட்சையில் பாட்சா கொட்டகையை அப்படியே எழுதி வைத்தார். தேறிவிட்டார்.

வேலை உடனே கிடைக்கவில்லை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மெடிக்கல் பரிசோதனையில் கையைக் காரணம் காட்டித் தள்ளியது. தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிடங்கின் நேர்காணலிலும் கையைப் பற்றிக் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னார். கேட்ட அதிகாரி எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்.

இப்போது பாட்சா அங்கே சேஃப்டி அசிஸ்டென்ட். வேலையில் சேரக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் ஷம்சாத் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தபடி கேட்டாள்: "அடுத்த பரீட்சை வேற எழுதப் போறேன்னு சொல்லுதியளே, நெசமா?"

"ஆமா. அதுல ஆக்ஸிடென்ட் வேற, இன்ஸிடென்ட் வேறயாம்."

"இன்னும் எத்தனைதான் இருக்கோ, அல்லாஹ்!" என்றாள் அவள். பாட்சா சிரித்துக்கொண்டே கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்தார்.