பனியன் துணி அடைத்த பிளசர்

அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நல்ல வெயில். ஒரு வாரம் பிடித்துக்கொண்டிருந்த மழை விட்டு, வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மூன்று வீட்டாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே காரணம்தான் சொன்னார்கள். காட்டை விற்றுப் பனியன் கம்பெனி வைத்தவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்று. அப்பா போன பிறகு நிலத்தை விற்று நிட்டிங் மெஷின் வாங்கியவர் அண்ணன்தான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இதுவும் ஆகவில்லை என்றால் இனி யார் வாசலிலும் போய் உட்கார மாட்டேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனுஷர்.

போதாக்குறைக்கு அந்தக் கார் வேறு. ஊட்டிப் பக்கம் எஸ்டேட்காரர் ஒருவர் கழித்துப்போட்ட, வெள்ளைக்காரன் காலத்துச் சீமைக் கார். எங்கள் பக்கம் அப்போது அதற்குப் பிளசர் என்றுதான் பெயர். கரும்பச்சை நிறம், முன்னால் இரண்டு உருண்டை விளக்கு, ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி. அண்ணன் ஞாயிறு தவறாமல் அதன் அடியில் படுத்துக் கிடந்து ஓடவைத்துவிட்டார். பேசாமல் இதற்கே தாலி கட்டிவிடலாம் என்று தங்கச்சி நான் கேலி செய்வேன். அவர் காதில் வாங்க மாட்டார்.

நல்லூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டோம். இரண்டு பக்கமும் சோளக்காடு, ஈர மண் வாசம். பஸ்ஸில் போகும்போது முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாலை அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா வழியில் வந்த கோயிலுக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டே, நடுநடுவே சீட்டின் தோலையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

காங்கேயம் தாண்டி, பெண்ணின் ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கார் இரண்டு உலுக்கு உலுக்கி நின்றது.

அண்ணன் இறங்கி, பெட்ரோல் டேங்கின் வாயில் திணித்திருந்த துணியை உருவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. கம்பெனியில் கட்டிங்கில் விழும் துண்டுத் துணியை நாங்கள் வேஸ்ட் என்போம். தோசைக்கல்லில் எண்ணெய் தடவ வேஸ்ட், ஜன்னல் இடுக்கை அடைக்க வேஸ்ட், குழாய் ஒழுகினால் சுற்ற வேஸ்ட். டேங்கின் மூடி எங்கோ விழுந்துபோனதும் அண்ணனின் கை தானாக அந்த வேஸ்ட் மூட்டைக்குத்தான் போயிருக்கிறது. வெட்டின துணியில் பஞ்சும் நூலும் உதிரும் என்று பனியன்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? அத்தனையும் பெட்ரோலோடு இறங்கிக் குழாயை அடைத்துக்கொண்டது.

"திரும்பிடலாஞ் சாமி. வழியில வண்டி நின்னா போற காரியம் ஆகாது," என்றார் அம்மா.

"திரும்பறதுக்கும் வண்டி ஓடோணுமில்லீங்கம்மா," என்றேன் நான். எரிச்சல் எனக்கு.

அந்த வழியாக ஏர் ஓட்டிவிட்டு வந்த ஒருவர் விஷயத்தைக் கேட்டு, தன் காளைகளைக் காரில் பூட்டினார். "எங்க மாடு பெட்ரோலு கேக்காதுங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பெண் வீட்டு வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த லட்சணம் இதுதான். அவமானத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இறங்கும்போது அம்மா அண்ணனின் காதருகே, "பங்க்குல தண்ணி கலந்த பெட்ரோலைப் போட்டுட்டாங்கன்னு சொல்லிப்போடு," என்றார்.

பெண்ணின் அப்பாவுக்குத் தேங்காய்க் களமும் சின்னதாக ஓர் எண்ணெய் மில்லும் இருந்தன. வாசலெல்லாம் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்கம்மா," என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுடைய அப்பா அண்ணனின் கறைபட்ட வேட்டியைப் பார்த்தார்.

"வண்டிக்கு என்னாச்சுங்க?"

"அந்தப் பங்க்குல..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"இல்லீங்க, தப்பு என்னுதுதானுங்க," என்றார் அண்ணன். "டேங்க் மூடி தொலைஞ்சுபோச்சு. பனியன் துணிய வெச்சு அடைச்சேன். பஞ்செல்லாம் உள்ள போயிருச்சுங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"எங்க மில்லுல எது ஒழுகுனாலும் தேங்கா நாரை வெச்சுத்தானுங்க அடைக்கிறது," என்றார் அவளுடைய அப்பா. "போன மாசம் அதே மாதிரி நார் உள்ள போயி மோட்டார் போச்சு. வூட்டுல இன்னும் சொல்லலீங்க."

அதற்குப் பிறகு அண்ணன் பலகாரத் தட்டைத் தொடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார். மாமனாராக வரவேண்டியவரும் பின்னாலேயே போனார். குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, பஞ்சை வெளியே எடுத்து, காரைக் கிளப்ப ஹேண்டிலைச் செருகி ஆளுக்கொரு தடவை சுற்றினார்கள். கார் கிளம்பியபோது களத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

அப்போது அந்தப் பெண் வெளியே வந்து, "நானும் ஒரு சுத்துப் போய்ட்டு வரட்டுங்களாப்பா? காருல உக்காந்ததே இல்லீங்க," என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். "நானும் கூட இருக்கறனுங்க," என்றேன். சரி என்றார்.

பின்சீட்டில் நானும் அவளும். முன்னால் கழுத்தைக்கூடத் திருப்பாமல் அண்ணன். வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டே வந்தது. ஊர் எல்லையில் திரும்புவதற்காக அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாங்களே," என்றாள் அவள்.

அண்ணன் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு வண்டியை நேரே விட்டார். அவருடைய காது சிவந்திருந்ததைப் பின்னால் இருந்து நான் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தில் சகுன பயம் அப்படியே இருந்தது. பெண் இறங்குவதற்குள் கிட்டே வந்து கேட்டார்.

"மறுபடி எங்கியாச்சும் நின்னுபோச்சா கண்ணு?"

"நின்னா நாந் தள்ளறேன், வுடுங்க அத்தை," என்றாள் அவள்.

அம்மா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். இறங்கின பிறகும் அந்தக் கையை விடவில்லை.